கோடை டயர்: ஒரு பெயரின் வரலாறு

கோழி என்றாலே ஒரு காலத்தில் வீட்டு முற்றத்தில் மேய்ந்த கோழிதான். பிராய்லர் கோழி வந்த பின்னரே அதற்கு 'நாட்டு' என்னும் அடைமொழி தேவைப்பட்டது. விசைத்தறி வந்த பின்னரே தறி 'கைத்தறி' ஆயிற்று. பொருள் அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் வேறொன்று வந்து நின்றதால் பழையதற்குப் புதுப்பெயர் இடவேண்டியதாயிற்று. ஐரோப்பியர் வழங்கும் 'கோடை டயர்' என்னும் பெயரும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஆனால் நாட்டுக்கோழிக்கு நேர்ந்ததே கோடை டயருக்கும் நேர்ந்தது. வேறுபடுத்திக் காட்டுவதற்காக மட்டும் வந்த அடைமொழி, காலப்போக்கில் தரத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 'நாட்டு' என்றால் சுவையும் கூடுதல் விலையும். 'கோடை' என்றால் வேகமும் பிடிமானமும். இந்தப் பொருள்மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை அறியாமல், ஒரு சிறிய துடிப்பான காருக்கு இன்று நல்ல டயர் தேர்ந்தெடுப்பது கடினம் என்பது என் எண்ணம். டயரின் பக்கச்சுவரில் அச்சாகியிருக்கும் எழுத்துகளும் எண்களும் பலவும் வேறு காலத்தில், வேறு தேவைக்காக உருவானவை. நாமோ அவற்றை இன்றைய பொருளில் படிக்கிறோம்.

1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் டயருக்குப் பருவம் என்று ஒன்று இல்லை. பனி பெய்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டினார்கள். இயலாதவர்கள் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார்கள். 1934இல் பின்லாந்தின் சுவோமென் கும்மிதேஹ்தாஸ் நிறுவனம் (இன்றைய நோக்கியன் டயர்ஸின் முன்னோடி) பனிச்சாலையில் ஓடும் சரக்குந்துகளுக்கென ஒரு டயரைச் செய்தது. அதன் பெயர் கெலிரெங்காஸ். 'ரெங்காஸ்' என்பது டயர். 'கெலி' என்னும் பின்னியச் சொல்லை ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்ப்பது அரிது. அது வெறும் வானிலை அன்று, வழிப்போக்கரின் கண்ணால் பார்த்த வானிலையும் சாலையின் நிலையும் சேர்ந்த ஒன்று. 1936இல் கார்களுக்கான ஹக்கபெலீட்டா வந்தது. முப்பதாண்டுப் போரில் சுவீடன் படையில் இருந்த பின்னியக் குதிரைவீரர்களின் பெயர் அது. பருவத்தை முன்னிட்டுப் பெயர்பெற்ற டயர் முதலில் குளிர்கால டயரே என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அது பரவிய இடங்களில், அதுவரை வெறும் 'டயர்' ஆக இருந்தது 'கோடை டயர்' ஆயிற்று.

அந்தக் கோடை நம்முடைய கோடை அன்று. ஜெர்மானியரிடையே அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை குளிர்கால டயர் என்று ஒரு வாய்மொழி வழக்கு உண்டு. எஞ்சிய மாதங்கள் அனைத்தும் டயரைப் பொறுத்தவரை கோடை. வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் குளிர்கால டயர் என்பது மற்றொரு நடைமுறைக் கணக்கு. இக்கணக்கின்படி சென்னையின் மார்கழியும் கோடைதான், உதகையின் பெரும்பகுதி நாள்களும் கோடைதான். மழையும் இந்தக் கோடைக்குள் அடக்கம். ஐரோப்பாவில் கோடை டயரின் தரத்தைச் சோதிப்பவர்கள் ஈரச்சாலையில் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதற்குப் பெருமதிப்பு தருகிறார்கள். 'கோடை டயர்' என்னும் சொல்லைத் தமிழில் கேட்டவுடன் கத்திரி வெயிலைத் தாங்கும் டயர் என்றும், மழைக்கு ஆகாது என்றும் நம் மனம் பொருள்கொள்கிறது. சொல் சரியாகவே பெயர்க்கப்பட்டிருக்கிறது, பொருள் பெயரவில்லை. இந்தியாவில் விற்கும் கார் டயர்களில் மிகப் பெரும்பான்மை இந்தப் பொருளில் கோடை டயர்களே. மணாலிக்கு மேலே பனியில் இன்றும் சங்கிலிதான் கட்டுகிறார்கள். பக்கத்தில் வேறொன்று வந்து நிற்காததால் நம்மிடம் டயர் இன்னும் வெறும் டயராகவே இருக்கிறது.

இனி 'கோடை' எப்படி வேகத்தோடு ஒட்டிக்கொண்டது என்று பார்க்கலாம். இதற்கு ஜெர்மனியின் நெடுஞ்சாலைகள் பெருங்காரணம். ஆட்டோபான் சாலைகளின் பல பகுதிகளில் வேகவரம்பு இல்லை. எனவே ஒரு கார் எட்டக்கூடிய உச்சவேகத்தை அதன் டயர் தாங்கியாக வேண்டும். வேகமாகச் சுழலும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்வதால் சூடேறும். சூடு ஓரளவைத் தாண்டினால் அடுக்குகள் பிரிந்து டயர் சிதறும். இதைத் தடுக்கப் பிறந்ததே வேகக் குறியீடு. குளிர்கால டயரின் மென்மையான ரப்பரும் ஆழமான பட்டன்களும் பெருவேகத்துக்கு ஒத்துவராதவை. ஆகவே காரின் உச்சவேகத்தைவிடக் குறைந்த குறியீடுள்ள குளிர்கால டயரைப் பூட்ட ஜெர்மன் விதி இடம் கொடுத்தது. ஒரு நிபந்தனை உண்டு, அந்த டயருக்கான வேகவரம்பை எழுதிய ஒட்டி ஓட்டுநரின் கண்முன் இருக்கவேண்டும். மணிக்கு 160 கி.மீ. என்னும் பொருளுடைய 'க்யூ' எழுத்து குளிர்கால டயர்களில் மிகுதியாகக் காணப்பட்டது இதனால்தான். குளிர்காலம் முழுவதும் கண்முன் ஒட்டியிருந்த தாளை வசந்தத்தில் கிழித்தெறிந்து கோடை டயரைப் பூட்டும் ஒருவருக்குக் 'கோடை' என்பது முழுவேகத்தின் பெயராகத் தோன்றியதில் வியப்பில்லை.

அந்தக் குறியீட்டு எழுத்துகளின் வரிசை மொழி படித்தவர்களுக்கு ஒரு விருந்து. க்யூ 160, ஆர் 170, எஸ் 180, டி 190, யூ 200 என்று ஆங்கில நெடுங்கணக்கின் ஒழுங்கில் ஏறிக்கொண்டே போகும் வரிசையில், 210க்கு வரும்போது திடீரென 'எச்' குறுக்கிடுகிறது. பிறகு வி 240, டபிள்யூ 270, ஒய் 300. கடைசி எழுத்தான 'இசட்' கடைசியில் இல்லை. 240க்கு மேற்பட்ட எல்லாவற்றுக்கும் பொதுவாக அது நிற்கிறது. ஒழுங்கற்றதுபோல் தோன்றும் இதில் வரலாறு படிந்திருக்கிறது. முதலில் ரேடியல் டயர்களுக்கு மூன்றே பிரிவுகள்: எஸ்ஆர் 180 வரை, எச்ஆர் 210 வரை, விஆர் 210க்கு மேல். கார்களின் வேகம் கூடக்கூட இடையிடையே நுண்ணிய படிகள் தேவைப்பட்டன; புதிய எழுத்துகள் நெடுங்கணக்கு ஒழுங்கில் நிரப்பப்பட்டன; ஏற்கெனவே குடியிருந்த எச் மட்டும் தன் இடத்தைவிட்டு நகரவில்லை. தமிழ் எண்ணுப்பெயர்களில் எண்பதுக்கு அடுத்துத் 'தொண்ணூறு' என்று நூறு என்னும் சொல்லைத் தாங்கிய வடிவம் நிற்பதையும், 'தொண்டு' என்பது ஒன்பதைக் குறித்த பழைய வழக்கையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. மொழியில் மிகுதியாகப் புழங்கும் வடிவங்களே ஒழுங்குபடுத்தலுக்குத் தப்பிப் பிழைக்கின்றன.

இப்போது அந்தச் சிறிய காருக்கு வருவோம். 1976 ஜூனில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் கோல்ஃப் ஜிடிஐ என்னும் வண்டியை வெளியிட்டது. 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 5,000 வண்டிகள் விற்றால் போதும் என்றுதான் நிறுவனம் முதலில் கணக்கிட்டிருந்தது. அதன் உச்சவேகம் மணிக்கு 182 கி.மீ.

182 என்னும் அந்த எண்ணைக் கவனியுங்கள். எஸ் எழுத்தின் எல்லை 180. காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பயன்பட்ட ஒரு குடும்பக் காரின் உடன்பிறப்பு அந்த எல்லையை 2 கி.மீ. கடந்துவிட்டது. சாதாரண கோல்ஃப் 155 எஸ்ஆர் 13 போன்ற ஒல்லியான டயர்களில் ஓட, ஜிடிஐயின் டயர் 175/70 எச்ஆர் 13. அதுவரை பெரிய, விலையுயர்ந்த கார்களின் அடையாளமாக இருந்த எச், சிறிய காரின் பக்கச்சுவரில் ஏறியது. வேகத்தைத் தாங்கும் என்பதற்கான சான்றெழுத்து, 'இது துடிப்பான வண்டி' என்பதற்கான பட்டமாகவும் மாறத் தொடங்கியது இத்தகைய கார்களில்தான்.

175/70 என்பதில் உள்ள 70க்கும் ஒரு கதை உண்டு. டயரின் அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதை அது சொல்கிறது. மிஷலின் 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் சந்தைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயரில் இந்த எண்ணே இல்லை. உயரம் ஏறத்தாழ 80 விழுக்காடு என்பது எல்லோருக்கும் தெரிந்ததாகையால் எழுதத் தேவைப்படவில்லை. 70, 60 என்று வேறு உயரங்கள் வந்தபின் எழுதவேண்டியதாயிற்று. 1970களின் நடுவில் பிரெல்லியின் பி7 இதை 50 வரை இறக்கிப் போர்ஷே 911 டர்போவில் ஏறியது. பக்கச்சுவர் குட்டையானால் திருப்பத்தில் டயர் குறைவாக மடியும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே திரும்பும். குழியில் விழுந்தால் ரிம்மில் அடி நேராக இறங்கும் என்பது அதற்குத் தரும் விலை.

அதே நுட்பம் சில ஆண்டுகளில் சிறிய கார்களுக்கும் இறங்கிவந்தது. 1983இல் ஜெர்மனியில் கோல்ஃப் ஜிடிஐயின் சிறப்புப் பதிப்பு ஒன்று வந்தது. 185/60 ஆர் 14 அளவில் பிரெல்லி பி6 டயர்கள். சக்கரத்தின் துளைகள்கூட 'பி' எழுத்தின் வடிவில் வெட்டப்பட்டிருந்தன. அந்தப் பதிப்பையே மக்கள் 'பிரெல்லி ஜிடிஐ' என்று அழைத்தார்கள். உதிரிப்பாகமாகக் கருதப்பட்ட ஒன்று முழுப்பொருளுக்கே பெயரான சினையாகுபெயர் இது. நன்னூல் படித்த மாணவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்த இரு அளவுகளையும் கணக்கிட்டுப் பார்ப்பது பயன்தரும், ஏனெனில் அளவு மாற்றத்தின் இலக்கணம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. 175இல் 70 விழுக்காடு 122.5 மி.மீ.; மேலும் கீழுமாக இருமுறை 245; 13 அங்குல ரிம் 330.2 மி.மீ. கூட்டினால் டயரின் முழு விட்டம் 575.2. அடுத்தது: 185இல் 60 விழுக்காடு 111, இருமுறை 222, 14 அங்குலம் 355.6. கூட்டினால் 577.6. ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தது, பக்கச்சுவர் 11.5 மி.மீ. குறுகியது, முழு விட்டமோ வெறும் 2.4 மி.மீ. மட்டுமே மாறியது. ஆகவே வேகமானியும் கியர் விகிதமும் ஏறத்தாழ அப்படியே நின்றன.

ஒரே குறியீட்டுக்குள் மில்லிமீட்டரும் அங்குலமும் கலந்திருப்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். இதைச் சீர்செய்யவும் ஒரு முயற்சி நடந்தது. 1975இல் மிஷலின் டிஆர்எக்ஸ் என்னும் டயரையும் அதற்கேற்ற ரிம்மையும் கொண்டுவந்தது. ரிம் விட்டம் 390 மி.மீ. போன்ற மெட்ரிக் அளவுகளில். பொறியியல் நோக்கில் நல்ல அமைப்பே. பிஎம்டபிள்யூ, ஃபோர்டு மஸ்டாங் போன்ற வண்டிகளில் வந்தது. ஆனால் அந்த ரிம்மை வாங்கியவர் அந்த டயரை மட்டுமே வாங்கமுடியும். அங்குல ரிம்களின் உலகம் நகர மறுத்தது, டிஆர்எக்ஸ் ஒதுங்கிப்போனது. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் தமிழ்நாட்டு அரசால் ஏற்கப்பட்டபோது சில வடிவங்கள் மாறின, சில மாறவில்லை. எழுத்துமுறையானாலும் டயர் அளவானாலும் ஏற்கெனவே பரவிவிட்ட பயன்பாட்டோடுதான் சீர்திருத்தம் பேரம் பேசவேண்டியிருக்கிறது. அன்று டிஆர்எக்ஸ் ரிம்மோடு வண்டி வாங்கியவர்களின் வாரிசுகள் இன்றும் அரிதான அந்த டயரைத் தேடிப்பிடித்துக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

இவையெல்லாம் வெளியே எழுதப்பட்டிருப்பவை. பிடிமானமோ பெரும்பாலும் எழுதப்படாத இடத்தில், ரப்பர் கலவையில் இருக்கிறது. டயர் உருளும்போது ரப்பர் ஒரு நொடியில் பத்துப் பதினைந்து முறை நசுங்கி நிமிர்கிறது. பிரேக் போடும்போது சாலையின் நுண்ணிய கரடுமுரடுகள் அதே ரப்பரை நொடிக்குப் பல்லாயிரம் முறைக்கும் மேலாக அதிரவைக்கின்றன. முதல் இயக்கத்தில் வீணாகும் ஆற்றல் எரிபொருள் செலவு. இரண்டாவதில் ரப்பர் விழுங்கும் ஆற்றல்தான் பிடிமானம். கரிப்பொடி மட்டும் கலந்த காலத்தில் ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடியது. 1990களின் தொடக்கத்தில் மிஷலின் சிலிகாவைக் கலந்து இவ்விரண்டையும் ஓரளவு பிரித்தது. இன்றைய கோடை டயர் ஈரச்சாலையில் முந்தைய தலைமுறையைவிட நன்றாக நிற்பதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. தேய்மானம் என்னும் மூன்றாவது கணக்கு மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

தேய்மானத்துக்கு அமெரிக்கா ஓர் எண்ணை வைத்திருக்கிறது. நம் ஊர் டயர்கள் சிலவற்றிலும் அதைக் காணலாம். டெக்சாசின் சான் ஏஞ்சலோ நகரைச் சுற்றியுள்ள சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, ஒப்பீட்டு டயருக்கு 100 என்று வைத்துக் கணக்கிடுவது. எண்ணைக் குறிப்பவர் டயர் செய்பவரே. எண் சிறிதானால் ரப்பர் மென்மை, ஆகவே பிடிமானம் மிகுதி என்று ஆர்வலர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். கார்ப் போட்டிகள் சில '200க்குக் குறையக் கூடாது' என்று விதி வகுத்தன. விளைவு, 200 என்று அச்சிட்டுக்கொண்டு மிக விரைவாகத் தேயும் டயர்கள் பெருகின. ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பர் முதல் கட்டாயமாக்கிய முத்திரைத்தாள் இதைவிட நம்பத்தகுந்தது. எரிபொருள் சிக்கனம், ஈரப்பிடிமானம், ஓசை ஆகிய மூன்றையும் அது சொல்கிறது. ஆனால் காய்ந்த சாலையில் திருப்பத்தில் டயர் எப்படி நடந்துகொள்ளும், தேங்கிய நீரில் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பவை அதில் இல்லை. துடிப்பான சிறிய காரை வைத்திருப்பவர் முதலில் கேட்கும் கேள்விகளோ இவைதாம்.

புனேயில் உடன் ஆய்வுசெய்யும் நண்பர் ஒருவர் பழைய போலோ ஜிடி வைத்திருக்கிறார். அதன் டயர் அளவு 185/60 ஆர் 15. மழைக்காலத்துக்கு முன் டயர் மாற்றப் போனபோது, கடைக்காரர் 16 அங்குல அலாய் சக்கரத்தோடு 205/55 டயரைப் பரிந்துரைத்தார். 'வி' எழுத்து, அகலம் கூடுதல், 'கிரிப் பிரமாதமாக இருக்கும்' என்றார். மேலே போட்ட கணக்கை இங்கும் போட்டோம். பழைய அளவின் விட்டம் 603 மி.மீ.; புதியது 631.9. ஏறத்தாழ 29 மி.மீ. கூடுதல். கார் அந்த அளவுக்கு மந்தமாக எழும், வேகமானி உண்மையைவிட முன்பு காட்டியதில் ஐந்து விழுக்காடு குறைத்துக் காட்டும், சக்கரத்தின் எடையும் ஏறும். எடை குறைந்த காரில் டயரை அகலப்படுத்தினால் அதே பாரம் அகன்ற பரப்பில் பரவும். தேங்கிய மழைநீரைக் கிழித்துச் செல்லும் திறன் குறையும். 'வி' எழுத்தோ 240 கி.மீ. வேகத்துக்கானது, நம் விரைவுச்சாலைகளில் கார்களுக்கான உச்சவரம்பு 120. உயர்ந்த குறியீடுள்ள டயர்களின் பட்டைகள் இறுக்கமாகக் கட்டப்பட்டிருப்பதால் ஸ்டியரிங் கூர்மையாகத் தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எழுத்து ஈரச்சாலைப் பிடிமானத்துக்குச் சான்று அன்று.

சிறிய காருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உலக அளவில் பெரிதும் புகழப்படும் கோடை டயர்களுள் பல 17 அங்குலத்துக்கு மேலேதான் கிடைக்கின்றன. கார்கள் பெருத்துக்கொண்டே போவதால் தயாரிப்பாளர்களின் கவனமும் அங்கேயே குவிந்துவிட்டது. 2020 ஜூனில் இந்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலிலிருந்து உரிமம் தேவைப்படும் பட்டியலுக்கு மாற்றியது. உள்நாட்டுத் தொழிலுக்கு அது நன்மையாக இருக்கலாம். 15 அங்குல ரிம்முக்கு நல்ல டயர் தேடுபவரின் முன்னுள்ள தேர்வு சுருங்கியதும் உண்மை. அரிதான இறக்குமதி டயர் 'கடைசி நான்கு' என்று சொல்லி எங்காவது கிடைத்தால், பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பார்க்கவேண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கிடங்கில் கிடந்தாலும் ரப்பர் இறுகும். மென்மைக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் டயரில் அந்த மென்மையே இல்லாது போயிருக்கும்.

நண்பர் 16 அங்குலச் சக்கரத்தை வாங்கவில்லை. அதே 185/60 ஆர் 15 அளவில், ஈரச்சாலையில் பிரேக் சோதனை முடிவுகள் வெளியாகியிருந்த ஒரு வகையை எடுத்தார், எழுத்து 'எச்'. நான்கு டயர்களிலும் தயாரிப்பு வாரம் ஒன்றா என்று குனிந்து பார்த்தோம். மூன்றில் ஒரே எண் இருந்தது, நான்காவது ஓராண்டு பழையது. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் வேறொன்றை எடுத்துவந்தார்.